வெள்ளைக் காலரை வெளுத்தவர்கள்

‘ஒயிட் காலர் வேலை’, ‘ஒயிட் காலர் குற்றம்’ என்ற தொடர்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் விளக்கம் வேண்டாத அளவுக்குப் பழகிவிட்டன. முதலாவது அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை. இரண்டாவது படித்தவர்களும் பதவியில் இருப்பவர்களும் செய்யும் மோசடி. ஆனால் அந்தக் காலரை எங்கே தைத்தார்கள், யார் வெளுத்தார்கள், சட்டையின் ஒரு துண்டு எப்படி ஒரு வர்க்கத்துக்கே பெயரானது என்று தேடிப் போனால் அகராதியோடு வேலை முடிவதில்லை. நியூயார்க் மாநிலத்தின் ஒரு தொழில் நகரத்துக்கும், கொதிநீர்த் தொட்டிக்கு முன் நின்ற ஐரிஷ் பெண்களுக்கும், பெரிய நிறுவனங்களின் குற்றக் கணக்கை எடுத்த ஒரு பேராசிரியருக்கும் அந்தத் தேடல் அழைத்துச் செல்கிறது. தன்னைச் சாத்தியமாக்கிய உழைப்பைத் தன் வெண்மையாலேயே மறைத்துவிட்ட சொல் இது என்பது என் முடிவு.

முதலில் சொல்லின் கட்டமைப்பைப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ஒரு நிறத்தையும் ஓர் உறுப்பையும் சேர்த்துப் பெயரடை ஆக்கும்போது வழக்கமாக ‘எட்’ என்னும் விகுதி சேரும். ‘புளூ ஐட்’ என்றால் நீலக் கண்ணுடைய என்று பொருள். அப்படிச் சொல்லப்படுபவரின் கண் நீலமாக இருந்தாக வேண்டும். ‘ஒயிட் காலர்’ என்ற பெயரடையில் அந்த விகுதி இல்லை. அதைச் சேர்த்து ‘ஒயிட் காலர்டு’ என்றால் கழுத்தில் வெண்பட்டை உள்ள பறவைகளின் பெயராகிவிடும். விகுதி போனதும் உடைமைப் பொருளும் போய்விடுகிறது. டி-ஷர்ட்டில் கணினி முன் அமர்ந்திருப்பவரும் ஒயிட் காலர் ஊழியர்தான். தலை முதல் கால் வரை வெள்ளைச் சீருடையில் நிற்கும் சமையல்காரர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

தமிழ் இலக்கணத்துக்கு இந்த அமைப்பு புதிதில்லை. தொல்காப்பியத்தின் எச்சவியல் தொகைகளை ஆறாக வகுக்கும்போது கடைசியாகச் சொல்வது அன்மொழித்தொகை. பொன்னாலான தொடியைக் குறிக்க வேண்டிய ‘பொற்றொடி’, அதை அணிந்த பெண்ணைக் குறிக்கிறது. அணி பெயராகிறது, அணிந்தவர் தொகைக்கு வெளியே நிற்கிறார். ‘வெள்ளைக் காலர்’ என்பது பண்புத்தொகை. அது ஆளைக் குறிக்கும்போது பண்புத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை என்று நம் உரையாசிரியர்கள் சொல்லியிருப்பார்கள். கருஞ்சட்டை, செஞ்சட்டை, காக்கிச் சட்டை என்று இயக்கங்களையும் வேலைகளையும் சட்டையின் நிறத்தால் அழைக்கும் நமக்கு இதன் தருக்கம் எளிதில் பிடிபடும். அமெரிக்காவில் அது முழுச் சட்டையாக இல்லாமல் காலராக மட்டும் இருந்ததற்குக் காரணம், அந்தக் காலத்துக் காலர் சட்டையோடு சேர்ந்த பகுதியாக இல்லை. அது தனிப் பொருள்.

கழற்றி மாட்டும் காலர்

ஹட்சன் ஆற்றங்கரையில், நியூயார்க் நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ட்ராய். 1827-ல் இந்த ஊரில் ஹன்னா லார்ட் மான்டேக் என்ற பெண் தம் கணவரின் சட்டைகளிலிருந்து காலரை வெட்டியெடுத்துத் தனியாகத் துவைத்து, திரும்பக் கட்டிக்கொள்ள நாடா தைத்துக் கொடுத்தார் என்பது அந்த ஊரில் வழங்கும் வரலாறு. காலர் மட்டும் அழுக்காகும்போதெல்லாம் முழுச் சட்டையையும் துவைப்பது அவருக்கு அலுத்துவிட்டதாம். கணவர் ஆர்லாண்டோ மான்டேக் செருப்புத் தொழில் செய்தவர். ஒரு குடும்பப் பெண் துவைக்கும் சுமையைக் குறைக்கக் கண்ட வழி என்பதுதான் இந்தக் கதையின் சாரம்.

அது வீட்டோடு நிற்கவில்லை. மெதடிஸ்ட் சபைப் போதகராக இருந்து ஓய்வு பெற்று ஜவுளிக்கடை வைத்திருந்த எபனீசர் பிரவுன், 1829-ல் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் காலர் தைக்கக் கொடுத்து விற்கத் தொடங்கினார். கூலியாகக் கடைச் சரக்கையே கொடுத்தார். 1834-ல் ஆர்லாண்டோ மான்டேக்கும் ஆஸ்டின் கிரேஞ்சரும் சேர்ந்து தொழிற்கூடம் தொடங்கினார்கள். தையல் இயந்திரம் வந்த பிறகு தொழில் பெருகி, ட்ராய்க்குக் ‘காலர் நகரம்’ என்றே பெயர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் அணிந்த காலர்களில் பத்துக்கு ஒன்பது இந்த ஒரே ஊரிலிருந்து வந்தவை என்று சொல்வார்கள்.

இந்தப் பொருளுக்கு ஏன் இவ்வளவு தேவை? சட்டை அன்றைக்கு விலை கூடிய பொருள். சலவைக்கும் பணம் வேண்டும். கோட்டு போட்டுக்கொண்டால் வெளியே தெரிவது காலரும் கைப்பட்டையும்தான். ஒரே சட்டையை வாரம் முழுவதும் போட்டு, காலரை மட்டும் தினமும் மாற்றிக்கொண்டால் போதும், ஆள் வெளுத்த உடையில் இருப்பதாகத் தோன்றும். குறைந்த சம்பளக்காரரான குமாஸ்தா, முதலாளியைப் போல் தோற்றமளிக்க அது வழி செய்தது. முன்னும் பின்னும் பொத்தானிட்டு மாட்டிய, பலகை போல் விறைத்த கஞ்சிக் காலரை அணிந்தவரால் குனிந்து மூட்டை தூக்க முடியாது. உலைக்கு முன் நிற்க முடியாது. தன் வேலையில் வியர்வை இல்லை என்பதை அந்த விறைப்பே ஊருக்குச் சொல்லியது. உயரமான விறைத்த காலருக்கு ஜெர்மானியர்கள் வைத்த பெயரின் பொருள் ‘தந்தையைக் கொல்வது’.

காகிதக் காலரும் செல்லுலாய்டு காலரும்கூட வந்தன. செல்லுலாய்டு காலரைத் துணியால் துடைத்தாலே போதும், ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். சலவைக்கும் பணம் இல்லாதவர்கள் அதை வாங்கினார்கள். மறுபக்கம், ட்ராயின் மிகப் பெரிய நிறுவனமான க்ளூயட் பீபாடி தன் ‘ஆரோ’ காலர்களுக்கு ஜே. சி. லியண்டெக்கர் என்ற ஓவியரை அமர்த்தி, 1905 முதல் 1931 வரை விளம்பரம் செய்தது. செதுக்கிய தாடையும் நிமிர்ந்த கழுத்துமாக அவர் வரைந்த அந்த ‘ஆரோ காலர் மனிதர்’ கற்பனை ஆள். அவருக்கே பெண்கள் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதினார்கள்.

கொதிநீர்த் தொட்டிக்கு முன்னால்

தைத்த காலர் நேரே கடைக்குப் போகாது. சோடா கலந்த கொதிநீரில் வேக வேண்டும், வெளுப்புக் காரத்தில் ஊற வேண்டும், நீர்த்த அமிலத்தில் முங்க வேண்டும், பல முறை அலச வேண்டும், நீலம் போட வேண்டும், கஞ்சி ஏற்ற வேண்டும், கனத்த இரும்புப் பெட்டியால் தேய்க்க வேண்டும். இத்தனையும் ஆன பிறகுதான் அது ‘புதிய’ காலர். அதனால் ட்ராயில் தொழிற்கூடங்களை ஒட்டிச் சலவைக்கூடங்கள் எழுந்தன. அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து குடியேறிய குடும்பங்களின் பெண்கள். நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் வேலை. கூலி வாரத்துக்கு மூன்று, நான்கு டாலர். நீராவியும் உலை வெப்பமும் நிறைந்த கூடம். கஞ்சி ஏற்றும் புதிய இயந்திரங்கள் வந்தபோது வேலை வேகமாகியது, வெப்பமும் கூடியது. கையும் முழங்கையும் வெந்து கொப்பளிப்பது அன்றாடம் நடந்தது. கூலி கூடவில்லை.

அவர்களில் ஒருவர் கேட் முல்லானி. அயர்லாந்தில் பிறந்தவர். தந்தை இறந்துவிட, நோயாளித் தாயையும் தங்கைகளையும் காப்பாற்றும் பொறுப்பு பத்தொன்பது வயதில் அவர் தலையில் விழுந்தது. ஆண்கள் சங்கம் அமைத்துக் கூலி உயர்வு பெறுவதை அந்த ஊரிலேயே கண்ணெதிரே பார்த்தார்; ட்ராயின் இரும்பு வார்ப்புத் தொழிலாளர் சங்கம் வலுவானது. 1864 பிப்ரவரியில் முல்லானியும் எஸ்தர் கீகனும் சேர்ந்து காலர் சலவைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பதினான்கு சலவைக்கூடங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 300 பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒரு வாரத்துக்குள் முதலாளிகள் இறங்கிவந்து 25 விழுக்காடு கூலி உயர்வுக்கு ஒப்புக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தது அது முதல் முறையில்லை. ஆனால் போராட்டம் முடிந்ததும் பெண்களின் சங்கங்கள் கலைந்துபோவது வழக்கம். முல்லானியின் சங்கம் கலையாமல் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. உறுப்பினர் நோயுற்றால் உதவியது, இறந்தால் அடக்கச் செலவு ஏற்றது. வார்ப்புத் தொழிலாளர்கள் 1866-ல் போராடியபோது இந்தச் சலவைப் பெண்கள் அவர்களுக்கு 1,000 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தொகையின் கனம், வாரக்கூலியோடு ஒப்பிட்டால்தான் தெரியும். 1868-ல் தேசியத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் வில்லியம் சில்விஸ், முல்லானியைத் துணைச் செயலாளராக அமர்த்தினார். அமெரிக்கத் தேசியத் தொழிற்சங்கம் ஒன்றில் அப்படியொரு பதவிக்கு அமர்த்தப்பட்ட முதல் பெண் அவர்.

முதலாளிகள் 1869-ல் திருப்பி அடித்தார்கள். அந்த ஆண்டின் வேலைநிறுத்தத்தின்போது ஒன்றுகூடி நின்று சங்கத்தை உடைத்தார்கள். துவைக்கவே தேவையில்லாத காகிதக் காலர் சந்தையில் பரவி, பெண்களின் பேரத்தைப் பலவீனமாக்கியது. பெண்கள் தாங்களே கூட்டுறவு முறையில் காலர் நிறுவனம் நடத்திப் பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. சங்கம் கலைந்தது. முல்லானி வாழ்ந்த வீடு 1998-ல்தான் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஒயிட் காலர் என்ற சொல்லின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் அலுவலகத்திலிருந்து தொடங்குகிறார்கள். ட்ராயின் சலவைக்கூடத்திலிருந்து தொடங்குவதே சரி. காலர் தானாக வெள்ளையாக இல்லை. யாரோ கை வெந்து அதை வெள்ளையாக்கினார்கள். வெள்ளைக் காலர் அணிந்தவர் கைவேலை செய்யாதவர் என்று சொல் அறிவிக்கிறது. அந்த அறிவிப்பே பிறர் கைவேலையின் மேல்தான் நிற்கிறது.

சொல் பிறந்த காலம்

அப்டன் சிங்க்ளேர்தான் இந்தச் சொல்லை உண்டாக்கினார் என்று பலரும் எழுதுகிறார்கள். அமெரிக்கப் பத்திரிகை உலகத்தைக் கடுமையாக விமர்சித்து 1919-ல் அவர் வெளியிட்ட ‘தி பிராஸ் செக்’ நூலில் இது வருவது உண்மை. அலுவலகக் குமாஸ்தாக்கள் வெள்ளைக் காலர் அணிய அனுமதிக்கப்பட்டிருப்பதாலேயே தங்களை முதலாளி வர்க்கத்தைச் சேர்ந்தவர்களாக எண்ணிக்கொள்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. ஆனால் 1910, 1911 ஆண்டுகளின் அமெரிக்கச் செய்தித்தாள்களிலேயே சொல் தென்படுகிறது. அவற்றுள் ஒன்று விவசாய மாநிலமான நெப்ராஸ்காவின் இதழ். வெள்ளைக் காலரின் கவர்ச்சியில் நகரத்துக்குப் போகும் கிராமத்து இளைஞனைப் பற்றியது அந்தக் குறிப்பு. ஆக, சொல் முதலில் விவரிப்பாக வரவில்லை; ஆதங்கமாகவும் கண்டனமாகவும் வந்திருக்கிறது. நிலத்தை விட்டு ஓடுபவனையும், தன் வர்க்கத்தை மறந்தவனையும் சுட்டிய சொல் அது. பெருமைக்குரிய பெயரானது பின்னால்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். சொல் பரவிய அதே ஆண்டுகளில் பொருள் மறையத் தொடங்கியிருந்தது. முதல் உலகப் போரில் மென்மையான காலர் வைத்த சீருடைக்குப் பழகிய இளைஞர்கள், திரும்பி வந்ததும் கஞ்சிக் காலரை வெறுத்தார்கள். 1920களில் காலரோடு சேர்த்துத் தைத்த சட்டைகள் சந்தையைப் பிடித்தன. இணைத்துத் தைத்ததும் புதுச் சிக்கல் வந்தது: துவைத்தால் துணி சுருங்கிக் கழுத்தை இறுக்கியது. க்ளூயட் குடும்பத்தைச் சேர்ந்த சான்ஃபோர்டு க்ளூயட், துணியை முன்கூட்டியே சுருக்கிவிடும் முறையை 1930-ஐ ஒட்டி உருவாக்கினார். அவர் பெயரால் அமைந்த ‘சான்ஃபரைஸ்டு’ முத்திரையை இந்தியத் துணி விளம்பரங்களில் பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு. கழற்றும் காலர் அலமாரிக்குள் போய்விட்டது. பெயரடை அகராதிக்குள் வந்துவிட்டது.

‘புளூ காலர்’ இதன் தம்பி. அயோவா மாநிலத்தின் ஆல்டன் என்ற சிற்றூர்ப் பத்திரிகையில் 1924-ல் அது காணக் கிடைக்கிறது. அலுவலக வேலைகளை ஒயிட் காலர் என்று சொல்லலாமென்றால் கைத்தொழில்களைப் புளூ காலர் என்று சொல்லலாமே என்ற பொருளில் அது அங்கே வருகிறது. எதிர்ச்சொல்லாகவே பிறந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நீலம் ஏன்? தொழிலாளர் அணிந்த டெனிம், சாம்பிரே துணிகள் அவுரி நீலத்தில் தோய்த்தவை. அவுரிச் சாயம் அழுக்கைக் காட்டாது. பல துவைப்புகளுக்கு ஈடுகொடுக்கும். செயற்கை நீலத்தை ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் 1897-ல் சந்தைக்குக் கொண்டுவரும்வரை, உலகச் சந்தைக்கு அவுரி நீலத்தை அனுப்பியதில் இந்தியா முதன்மையானது. வங்கம், பீகாரோடு சென்னை மாகாணத்தின் கடப்பை, தென்னாற்காடு மாவட்டங்களும் அதில் பங்கு வகித்தன. தொழிலாளர் உடைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘டங்கரீஸ்’ என்ற பெயரும் மும்பையின் டோங்ரி பகுதியிலிருந்து சென்றதே.

நடுவில் நின்றவர்கள்

இந்த வர்க்கத்துக்குப் பெயர் தேடியவர்கள் அமெரிக்கர்கள் மட்டும் அல்லர். பிரிட்டனில் அவர்கள் ‘கறுப்புக் கோட்டு’ ஊழியர்கள். டேவிட் லாக்வுட் 1958-ல் எழுதிய சமூகவியல் நூலின் தலைப்பே அதுதான். ஜெர்மனியில் சட்டமே அவர்களைத் தனியாகப் பிரித்தது: 1911-ல் மாதச் சம்பள ஊழியர்களுக்கென்று தனிக் காப்பீட்டுச் சட்டம் வந்து, கூலித் தொழிலாளியிடமிருந்து அவர்களைத் தள்ளி நிறுத்தியது. பத்திரிகையாளர் ஸீக்ஃபிரீட் கிராக்கவர் 1929-ல் பெர்லின் அலுவலகங்களிலும் கடைகளிலும் சுற்றி, இந்த ஊழியர்களைப் பற்றித் தொடர் எழுதினார். அடுத்த ஆண்டு அது நூலானது. தொழிலாளியின் பொருளாதார நிலைமையும் முதலாளியின் கனவுகளுமாக, மனத்தளவில் வீடற்றவர்களாக அவர்கள் வாழ்வதை அவர் கண்டார். சில ஆண்டுகளில் ஜெர்மனிக்கு நேர்ந்ததை அறிந்து வாசிக்கும்போது அந்த நூல் அச்சமூட்டுகிறது.

அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்கு அறிவுலக அந்தஸ்து தந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சி. ரைட் மில்ஸ். அவரது ‘ஒயிட் காலர்’ நூல் 1951-ல் வந்தது. 1870-ல் அமெரிக்க உழைப்பாளர் தொகையில் 6 விழுக்காடாக இருந்த இந்தப் புதிய நடுத்தர வர்க்கம், 1940-ல் 25 விழுக்காடானது என்று அவர் கணக்குக் காட்டினார். சொந்த நிலமோ சொந்தக் கடையோ வைத்திருந்த பழைய நடுத்தர வர்க்கம் அதே காலத்தில் 33-லிருந்து 20 விழுக்காடாகச் சுருங்கியது. எண்களைவிட ஆழமானது அவர் வாதம்: புதியவர்களிடம் சொத்து இல்லை, தொழிலாளி உடலுழைப்பை விற்பது போல இவர்கள் புன்னகையையும் பணிவையும் விற்கிறார்கள், இவர்களுடைய மதிப்பு, வேலை செய்யும் நிறுவனத்திடமிருந்து கடன் வாங்கியது. 1956-ல் அமெரிக்காவில் ஒயிட் காலர் ஊழியர்களின் எண்ணிக்கை புளூ காலர் தொழிலாளர்களை முந்தியது.

சட்டத்துக்குள்ளும் சொல் நுழைந்தது. 1938-ஆம் ஆண்டின் நியாயமான தொழில் தரநிலைச் சட்டம் குறைந்தபட்சக் கூலியையும் மிகைநேரக் கூலியையும் உறுதிசெய்தது. நிர்வாக, தொழில்முறை ஊழியர்களுக்கு அந்தச் சட்டம் அளிக்கும் விலக்கை ‘ஒயிட் காலர் விலக்கு’ என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். விலக்கு என்றால் சலுகை இல்லை. கூடுதல் நேரம் உழைத்தாலும் கூடுதல் கூலி கேட்க முடியாது என்று பொருள்.

குற்றத்தோடு சேர்ந்தபோது

1939 டிசம்பர் 27 அன்று ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்கச் சமூகவியல் கழகத்தின் தலைவர் எட்வின் சதர்லேண்ட் தம் தலைமையுரையை நிகழ்த்தினார். இந்தியானா பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர் நெப்ராஸ்காவில் பிறந்தவர். குற்றம் வறுமையிலிருந்தும் உடைந்த குடும்பங்களிலிருந்தும் பிறக்கிறது என்று அன்றைய குற்றவியல் சொல்லிவந்தது. சிறையில் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தெரியும் என்றார் சதர்லேண்ட். மதிப்பும் உயர் சமூக நிலையும் உள்ளவர்கள் தங்கள் தொழிலின் வழியாகவே செய்யும் குற்றங்கள் அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. அவற்றுக்கு அவர் வைத்த பெயர்தான் ஒயிட் காலர் குற்றம்.

இங்கே சொல்லின் பொருள் மேலே தாவுகிறது. சிங்க்ளேரின் வெள்ளைக் காலர் ஏழைக் குமாஸ்தாவின் கழுத்தில் இருந்தது. சதர்லேண்டின் வெள்ளைக் காலர் நிறுவனத் தலைவரின் கழுத்தில் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரெட் ஸ்லோன், தம் தன்வரலாற்றுக்கே ஒயிட் காலர் மனிதரின் அனுபவங்கள் என்ற பொருளில் தலைப்பிட்டிருந்தார். அந்தப் பொருளில்தான் தாமும் ஆள்வதாகச் சதர்லேண்ட் குறிப்பிட்டார். இந்த இரட்டைப் பொருள் இன்றுவரை தீரவில்லை. கையாடல் செய்த கடைநிலைக் கணக்கரையும், கோடிக்கணக்கான மக்களின் சேமிப்பை விழுங்கிய தலைமை நிர்வாகியையும் ஒரே பெயரடைக்குள் அடைத்துவிடுகிறோம்.

சதர்லேண்டின் நூல் 1949-ல் வெளிவந்தது. அமெரிக்காவின் மிகப் பெரிய 70 நிறுவனங்களுக்கு எதிராக நீதிமன்றங்களும் அரசு ஆணையங்களும் வழங்கிய முடிவுகளை அவர் ஆண்டுக்கணக்கில் திரட்டியிருந்தார். மொத்தம் 980 முடிவுகள்; சராசரியாக ஒரு நிறுவனத்துக்கு 14. ஒரு முடிவாவது இல்லாத நிறுவனம் ஒன்றுகூட இல்லை. ஆனால் இவற்றில் குற்றவியல் நீதிமன்றங்கள் வழங்கியவை 158 மட்டுமே. சதர்லேண்டின் பார்வையில் இதுதான் செய்தி: பணக்காரர் செய்யும் தவறுக்கு வேறு வாசல், வேறு நடைமுறை, வேறு பெயர். சட்ட அறிஞர் பால் டாப்பன் 1947-லேயே இதை எதிர்த்திருந்தார். தண்டனை பெறாதவரைக் குற்றவாளி என்று எப்படி அழைப்பது என்பது அவர் கேள்வி. பதிப்பகத்தாரும் பல்கலைக்கழகமும் அவதூறு வழக்குக்கு அஞ்சினார்கள். நிறுவனங்களின் பெயர்களை எல்லாம் நீக்கிய பிறகே நூல் அச்சானது. அடுத்த ஆண்டு சதர்லேண்ட் இறந்தார். பெயர்களோடு கூடிய முழு வடிவம் 1983-ல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. முப்பத்துநான்கு ஆண்டுகள் அந்தப் பட்டியல் மறைந்து கிடந்தது என்பதே அவர் வாதத்துக்கு வலுவான ஆதாரம் என்று நான் கருதுகிறேன்.

‘ஒயிட் காலர் குற்றம்’ என்ற தொடர் இந்தியாவுக்கு வந்த வழியில் ஒரு தமிழர் இருக்கிறார். தஞ்சை மண்ணைச் சேர்ந்தவரும் அரசியல் நிர்ணய சபை உறுப்பினராக இருந்தவருமான கே. சந்தானத்தின் தலைமையில் அமைந்த ஊழல் தடுப்புக் குழு, 1964-ல் தந்த அறிக்கையில் ஒயிட் காலர் குற்றங்களைப் பெயர் சொல்லிப் பேசியது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் அதன் விளைவு. சந்தானம் குழு எழுப்பிய கேள்வியைச் சட்ட ஆணையம் 1966-ல் தன் 29-ஆவது அறிக்கையில் எடுத்து ஆராய்ந்தது.

இதற்குள் ‘காலர்’ என்பதே ஒரு விகுதி போல ஆகிவிட்டது. பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட செவிலியர், தட்டச்சர், விற்பனையாளர் வேலைகளைப் பற்றி லூயிஸ் காப் ஹோவ் 1977-ல் எழுதிய நூல் ‘பிங்க் காலர்’ என்ற சொல்லைப் பரப்பியது. சுற்றுச்சூழல் வேலைக்குப் பச்சை, அரிய நிபுணத்துவத்துக்குத் தங்கம், இயந்திர மனிதனுக்கு எஃகு என்று நிறங்கள் பெருகின. இவற்றில் ‘பிங்க்’ ஒன்றுதான் உண்மையான தேவையிலிருந்து பிறந்தது. மற்றவை பெரும்பாலும் மேலாண்மை நூல்களின் அலங்காரம்.

நம் பக்கம்

தமிழில் ‘வெள்ளையும் சொள்ளையுமாக’ என்ற வழக்கு உண்டு. வெளுத்த உடை உடுத்தியவரைப் பார்த்ததும் மரியாதை பிறப்பது நமக்கும் பழக்கம்தான். பெருமையைக் காட்டக் ‘காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதும்’ நம் வழக்கமே. ஆனால் அழுக்குப்படும் வேலையையும் படாத வேலையையும் அமெரிக்கா உடையால் பிரித்தது என்றால், இங்கே அதைப் பிறப்பு ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தது. ஊரின் வெண்மைக்கு உழைத்த வண்ணார்கள் அந்த வெண்மையின் மதிப்பில் பங்கு பெறவில்லை. மக்களின் அழுக்கைப் போக்கியவர்களையே தீட்டு என்று ஒதுக்கினார்கள். அதனால் ஒயிட் காலர் என்ற சொல் இங்கே வந்தபோது, உழைப்பை இழிவாகக் கருதும் பழைய எண்ணத்துக்கு நவீனமான, குற்ற உணர்வு தராத ஒரு பெயர் கிடைத்தது. ‘ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை’ என்று பெற்றோர் ஆசைப்படுவதில் வெயிலின் கொடுமை மட்டும் பேசவில்லை. அதே சமயம், தலைமுறை தலைமுறையாகக் கைவேலைக்கு மட்டும் தள்ளப்பட்டவர்களின் பிள்ளைகள் அந்த நாற்காலியில் அமர்வது விடுதலைதான். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சம்பளமும் மதிப்பும் ஒன்றாகப் போனதில்லை. சிங்க்ளேர் சாடிய குமாஸ்தாவின் காலத்திலேயே, 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் கணித மேதை சீனிவாச ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய்.

இன்றைக்கு அந்த இடத்தில் தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் இருக்கிறார்கள். தங்களைத் தொழிலாளர் என்று சொல்லிக்கொள்ள அவர்களில் பலர் தயங்குகிறார்கள். சட்டம் அந்தத் தயக்கத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை. பின்னால் வந்த திருத்தங்களோடு, 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் தந்த தொழிலாளர் வரையறை, உடலுழைப்போடு எழுத்தர் பணியையும் தொழில்நுட்பப் பணியையும் சேர்த்தே சொன்னது. நிர்வாகப் பதவியில் இருப்பவர்களையும், குறிப்பிட்ட வரம்புக்கு மேல் சம்பளம் பெறும் மேற்பார்வையாளர்களையும்தான் விலக்கியது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு கிடையாது, அவற்றின் ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-ல் தெளிவுபடுத்தியது. வேலையிலிருந்து நீக்கும் மின்னஞ்சல் வந்த பிறகு வழி தேடும் இளைஞர்கள், அது வருவதற்கு முன்பே தங்களுக்குள்ள இந்த உரிமையைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.